அடக்கமும் அவசரமும்

அடக்கம் என்ற சொல்லை நாம் ஒழுக்கத்துக்கும் வைத்திருக்கிறோம், சலத்தை அடக்குவதற்கும் வைத்திருக்கிறோம். ஒரே சொல் என்பதாலோ என்னவோ, சலத்தை அடக்க முடியாதவரை ஒழுக்கத்திலே குறைந்தவர்போல் பார்க்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அது நியாயமா என்பதே என் கேள்வி.

புரஸ்டேட் வீக்கத்துக்கு லேசர் சத்திரசிகிச்சை செய்துகொண்டு மன்னாருக்குத் திரும்பும் பெரியவர்களை இப்போது காண்கிறோம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் சலக்குழாயையும் எடுத்துவிடுவார்கள். ஊரார் "எல்லாம் சுகம்தானே" என்று விசாரித்துப் போகிறார்கள். அவருக்கோ இனித்தான் இரவுகள் தொடங்குகின்றன. படுத்து ஒன்றரை மணித்தியாலம் ஆகாது, எழும்ப வேண்டும். கதவைத் திறப்பதற்குள் இரண்டு துளி சாரத்தில்.

அடைபட்ட வழியினூடாகத் தள்ளித் தள்ளிச் சலப்பையின் தசை வருடக்கணக்கில் தடித்துப் போயிருக்கிறது. அடைப்பு நீங்கிய செய்தி அதற்கு இன்னும் எட்டவில்லை. கதவு திறந்த பிறகும் தோளால் முட்டிக்கொண்டு நிற்பவனைப்போல், கொஞ்சம் சலத்துக்கே அது இறுகுகிறது. உள்ளே புண்ணும் ஆறவேண்டும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில், அல்லது மூன்று மாதத்துக்குள் அடங்கும். சிலருக்கு இன்னும் சுணங்கும். (காய்ச்சல், கட்டி இரத்தம், சலம் முற்றாக அடைபடுதல் கண்டால் மட்டும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.)

இதில் அந்த மனிதரின் விருப்பம் எங்கே இருக்கிறது? விருப்பம் இல்லாத இடத்தில் குற்றம் எப்படி வரும்? சட்ட அறிஞர்கள் இதை எப்போதோ விளங்கியிருந்தார்கள். ஷாபிஈ மத்ஹபில், சலம் ஓயாமல் சொட்டுகிறவர் நேரம் வந்தபின் கழுவி, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து சுணங்காமல் தொழலாம். இடையில் சொட்டினாலும் தொழுகை கூடும். அவருடைய நிய்யத்தும் தொடக்கை நீக்குவதல்ல, தொழுகையை ஆகுமாக்கிக்கொள்வது. எவ்வளவு நுட்பமான கருணை! இடைக்கிடை மட்டும் முடுக்கு வருகிறவருக்கு இந்தச் சலுகை இல்லைதான். ஆனால் மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதை நபிமொழியே தடுக்கிறது. அவர் ஸஃபை விட்டு விலகினால் நாம் ஏன் திரும்பிப் பார்க்கவேண்டும்?

கிதாபில் இருக்கும் கருணை பள்ளித் திண்ணைக்கு வந்துசேரவில்லை. எனக்குத் தெரிந்த சிலர் ஜமாஅத்தை விட்டார்கள், கல்யாண வீடுகளை விட்டார்கள், நீண்ட பஸ் பயணத்துக்குப் பயந்து கிளினிக்கையும் விட்டார்கள். 2024 ஜனவரியில் பிரித்தானிய மன்னர் சார்ள்ஸ் தமக்குப் புரஸ்டேட் வீக்கம், சிகிச்சைக்குப் போகிறேன் என்று உலகறிய அறிவித்தார். மன்னர் சொல்லலாம், மன்னார்க்காரர் சொல்லக்கூடாதா?

அடக்கத்தைப் பெருமையாக்கியதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் பெண்கள். 1990 ஒக்ரோபரில் விரட்டப்பட்டுப் புத்தளம், கற்பிட்டி முகாம்களில் கிடந்த காலத்தில், இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த தாய்மாரை யார் விசாரித்தோம்? ஆண்களுக்கு அது வயது போன பிறகுதான் விளங்குகிறது.

இனித் தூக்கம். தஹஜ்ஜுதுக்கு எழும்பும் பெரியவர்களில் சிலரை முதலில் எழுப்புவது சலப்பைதான் என்று நான் சொன்னால் கோபிக்கவேண்டாம். எழுப்பியது எதுவானாலும், விழித்தபின் செய்வது அவருடையது. நிய்யத்துக்கு அங்கேதான் இடம். ஆனால் ஐந்தாம் முறை எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் விழிப்பும் நன்மைதானே என்று உபதேசிப்பது கொடுமை. அவருக்கு வேண்டியது தூக்கம். பகலில் சற்றுச் சாய்ந்தால் வீட்டார் அதைச் சோம்பல் என்று பேசாதிருக்கலாம். இரவில் தேத்தண்ணியை அவரும் குறைக்கலாம்.

அவரோடு விழிக்கிற இன்னொருவர் இருக்கிறார். ஈரச் சாரத்தைச் சுபஹுக்கு முன்னே ஊறப்போடும் மனைவி. அந்தப் பெண்ணை யாரும் சுகம் விசாரிப்பதில்லை. கணவர் வெட்கத்தில் லைட்டைப் போடாமல் தடுமாறி நடக்க, விழுந்துவிடுவாரோ என்று இருட்டில் கண்விழித்துக் கிடக்கிறார். லைட்டைப் போட்டு, "போயிட்டு வாறன், நீ படு" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குக் கொஞ்சத் தூக்கமாவது மிஞ்சும். பாமசியில் விற்கும் சலப்போத்தல் ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டால், இருட்டில் நடக்கும் தேவையே இல்லை.