காவலுக்கு எதிரி வேண்டுமா?

ஜோடி ஹில் எழுதி இயக்கி 2009-ல் வந்த 'அப்சர்வ் அண்ட் ரிப்போர்ட்' என்ற அமெரிக்கப் படத்தில், ஒரு மாலின் செக்யூரிட்டித் தலைவன் ரோனி. சேத் ரோகன் நடித்திருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் பெண்கள் முன் ஒருவன் அம்மணமாக வந்து நிற்கிறான். ரோனி அதில் பெண்களின் பயத்தைப் பார்ப்பதில்லை, தன் பெயர் நிலைக்கப்போகும் வாய்ப்பைப் பார்க்கிறான். கேலிப்படம் என்று இதை ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான். கடமையில் தீவிரம் நற்குணம் என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது எப்போது கெடுகிறது? காக்கப்பட வேண்டியவர்மேல் உள்ள அக்கறையைவிட, தான் காவலன் என்ற நினைப்பு பெரிதாகும்போது. அப்புறம் அவனால் எதிரி இல்லாமல் இருக்க முடியாது. எதிரி கிடைக்காவிட்டால் உண்டாக்கிக்கொள்வான்.

பிளேட்டோ 'குடியரசு' நூலில் காவலரை நல்ல நாயோடு ஒப்பிடுகிறார்: தெரிந்தவரிடம் சாது, அந்நியரிடம் மூர்க்கம். இந்த இலக்கணம் ரோனிக்கு அப்படியே பொருந்துகிறது, கோளாறும் அங்கேதான். மாலின் கடைகளில் திருட்டு நடக்கும்போது, அங்கே லோஷன் விற்கும் ஒருவனை ரோனி அவனுடைய இனத்தை வைத்தே சந்தேகிக்கிறான். அந்த வியாபாரியோ ரோனி தன்னை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றத் தடை வாங்கியிருக்கிறான். இரவில் கடைகளில் திருடியவன் யார் என்று பார்த்தால், ரோனியின் கூடவே சுற்றும் உதவியாளன் டெனிஸ். தெரிந்த முகம் என்பதாலேயே சந்தேகத்துக்குத் தப்பியவன்.

ரோனிக்கு பைபோலார் நோய், மாத்திரையையும் நிறுத்திவிடுகிறான்; ஆகவே இது மருத்துவரின் விஷயம், அறத்துக்கு இதில் வேலையில்லை என்பார்கள். அந்த நோயோடு யாருக்கும் தீங்கு செய்யாமல் வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். நோய் அவனுக்கு வேகத்தைத் தந்திருக்கலாம், யாரைச் சந்தேகிப்பது என்று அது சொல்லித்தரவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கடைசியில் அந்த அம்மண ஆளைப் பிடித்தது ரோனிதானே? உண்மைதான். அந்த ஆள் மாலுக்குள்ளேயே ஓடிவருகிறான், ரோனி சுடுகிறான், பிழைத்தவனைப் போலீஸிடம் ஒப்படைத்து நாயகனாகிறான். ஆனால் அவன் சுட்டது கையில் ஆயுதமில்லாத, உடம்பில் துணியுமில்லாத ஒருவனை. அவன் செய்த குற்றம் கேவலமானது, தண்டனைக்குரியது. அதற்குத் துப்பாக்கிக் குண்டு ஈடாகாது. முடிவு கைகூடியதால் செய்தது சரி என்றால், லோஷன் விற்பவனே திருடனாக இருந்திருக்கும் பட்சத்தில் அவனை இனம் பார்த்துச் சுட்டிருந்தாலும் சரி என்றாகிவிடும். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.