கல்லும் எண்ணும்

போரில் இறந்தவனுக்குக் கல் எழுப்புகிறோம். அந்தக் கல் நினைவுகொள்வது இறந்தவனையா, போரையா? இரண்டும் ஒன்றே என்கிற பாவனையில்தான் போர் நினைவுச் சின்னம் என்கிற ஸ்தாபனம் நிற்கிறது.

சென்னைக் கடற்கரையின் வட கோடியில், புல்வெளி சூழ நிற்பதையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றிக்காக எழுப்பியது. பின்னால் 1948 காஷ்மீர், 1962, 1965, 1971 யுத்தங்களும் அதில் சேர்ந்துகொண்டன. சாம்ராஜ்யத்துக்காக இறந்தவனுக்கும் குடியரசுக்காக இறந்தவனுக்கும் ஒரே இடம் போதும் என்றால், 'எதற்காக' என்ற கேள்வி கல்லுக்கு அவசியமில்லை என்றாகிறது. 'யார்' என்பதும் எல்லா இடத்திலும் அவசியமாக இருந்ததில்லை. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய், படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கையானான். பொறுப்பான ஆணையம் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021இல்.

இதற்கு எதிரில் நம் நடுகல்லை வைத்துப் பார்க்கலாம். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று. தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவகத்தியைச் சொல்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து அவனுக்குக் காவல் நின்ற நாயையும், கோவிவன் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது, இருபதாம் நூற்றாண்டில் ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

உடனே நடுகல்லைப் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. தலைவனின் மாட்டுக்காக உயிரை விடும் விசுவாசத்தை உற்பத்தி செய்யும் கருவியாகவும் அது இருந்தது. ஆனால் அதனிடம் ஒரு நேர்மை உண்டு. தொறுவை மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. தொறுவைக் கவர்ந்து பட்டவனுக்கும் உண்டு. கரந்தையைப் போலவே வெட்சிக்கும். இறந்தவனைக் கௌரவிக்க அவன் கட்சி நியாயமானது என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே காரணத்தை மறைக்கவும் தேவையிருக்கவில்லை. மாட்டுக்காகச் செத்தான் என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாட்டு மந்தை ஓர் உயிருக்கு ஈடாகுமா என்று படிப்பவன் கேட்டுக்கொள்ளலாம். வெற்றியைப் பாடும் கல் இந்தக் கேள்விக்கு இடம் தருவதில்லை.

என் வங்கிக் கவுண்டருக்கு நவம்பர் தோறும், ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருகிறார்கள். படிவத்தில் ஓய்வூதிய ஆணையின் எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது. கணவன் எங்கே, எதற்காக இறந்தான் என்பதற்கு இல்லை. நிர்வாகத்துக்கு எண் போதும். அதைக் குறை சொல்ல மாட்டேன். நினைவும் நிர்வாகத்தின் மொழியையே பேசத் தொடங்குவதுதான் ஆபத்து.

நான் இருக்கும் உத்தனப்பள்ளி ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் இடையில் உள்ளது. 1791 ஜூலையில் இரண்டு கோட்டைகளும் காரன்வாலிஸின் படையிடம் விழுந்தன. கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் தென்னாட்டு மனிதர்கள் இருந்தார்கள். அந்த யுத்தத்தில் கம்பெனி தரப்பில் இறந்தவர்களுக்காகப் பெங்களூரில் நின்ற தூணை 1964இல் அகற்றினார்கள். அந்நியனின் வெற்றித் தூண் போனதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கூலிக்காகவோ பசிக்காகவோ கம்பெனியில் சேர்ந்து செத்த சிப்பாயை என்ன செய்வது? வெற்றியாளனின் கணக்கில் அவன் உதிரி. தேசத்தின் கணக்கில் அவன் சங்கடம். இரண்டு கணக்கிலும் சேராத அவனுக்கு இடம் தரக்கூடியது வெட்சிக் கல்லின் தர்மம் ஒன்றுதான்.

ஆகவே ஊர்ப் பூங்காக்களில் கல் வைக்க விரும்புகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு வரி: இறந்தவன் யார், எதற்காக இறக்க வைக்கப்பட்டான். இரண்டாவது வரி இறந்தவனை அவமதிக்காது. எழுதக் கை கூசுமானால், அந்தக் கூச்சம் அவனை அனுப்பியவர்களுக்கும் நமக்கும் உரியது.