பின் இருக்கை

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே லாரி போகிற மண்பாதையில்தான் என் வண்டியை ஓட்டிப் பார்ப்பேன். ஆள் நடமாட்டம் குறைவு, விழுந்தாலும் சேறுதான். ஒருநாள் சாயங்காலம், தூக்குச்சட்டியோடு நடந்து வந்த அக்கா ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.

“தம்பி, ரோடு வரைக்கும் வுட்டுட்றியா?”

“அக்கா, இது நானே செஞ்ச வண்டி.”

“செஞ்சா இன்னா? ஓடுதில்ல?”

ஓடியது. இரண்டு மாதமாக நான்தான் அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவரை ஏற்ற மனம் வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, தூக்குச்சட்டியை சீட்டில் வைத்து, ரோடு வரை தள்ளிக்கொண்டே நடந்தேன். “இதுக்கு நான் தனியாவே போயிருப்பேன்” என்று சிரித்தார்.

‘நானே செஞ்சேன்’ என்று சொன்னதில் எவ்வளவு உண்மை? எஞ்சின் ஆர்எக்ஸ் 100-இலிருந்து வந்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கினேன். சக்கரம், ஃபோர்க், பிரேக் எல்லாம் யாரோ செய்தவை. உப்பளத்தில் யாரும் உப்பைச் ‘செய்வதாக’ச் சொல்வதில்லை. பாத்தி கட்டுகிறார்கள், தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், வெயிலுக்குக் காத்திருந்து வாருகிறார்கள், உப்பு விளைகிறது. என் வண்டியும் பெரும்பாலும் அப்படி விளைந்ததுதான். சேஸிஸ் மட்டும் அப்படியில்லை. குழாயை வளைத்ததும் அறுத்ததும் வெல்டு வைத்ததும் நான். அதிலும் கழுத்து.

ஹேண்டில்பார் திரும்புகிற குழாயைத்தான் கழுத்து என்கிறேன். முன்சக்கரம் குழியில் வாங்கும் ஒவ்வோர் அடியும், பிரேக்கின் ஒவ்வோர் இழுப்பும் அந்த வெல்டு வழியாகத்தான் வண்டிக்குள் வரும். கழுத்தின் சாய்வை ஒரு கோடாகக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் வண்டியை நேராகப் போகவைக்கிறது. முதல்முறை அதைக் குறைத்துவிட்டேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில்பார் கிடுகிடுவென்று ஆடியது. அறுத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஆட்டமாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வெல்டு காட்டிக்கொடுக்காது. வெளியே காசுகளை அடுக்கினாற்போல் அழகாக இருக்கும், உள்ளே இரும்பு இரும்போடு சேர்ந்திருக்காது. உப்புக் காற்று அங்கேதான் முதலில் நுழையும். கம்பெனியில் நான் எழுதும் கோடில் தப்பு வந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். சேஸிஸுக்குப் பழைய வெர்ஷன் கிடையாது.

ஜி.டி.நாயுடுவின் கதையை என் வயது இன்ஜினியர்கள் பலரும் கேட்டிருப்போம். கோவையில் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, முழுக்கப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டினார். தைரியத்துக்கு உதாரணமாகத்தான் அதைக் கேட்டு வளர்ந்தேன். அவர் பிரித்தது ஏற்கெனவே ஓடி நிரூபித்த வண்டி என்பது இப்போதுதான் உறைக்கிறது. பணயம் வைத்தது தன் காசை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டபோதுதான் அவர் வண்டியில் ஊரார் உட்கார்ந்தார்கள்.

‘என் உயிர், என் ரிஸ்க்’ என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா கேட்டபோதுதான் தெரிந்தது, எனக்கு இருந்தது வண்டிமேல் நம்பிக்கை இல்லை. என் உயிர்மேல் கொஞ்சம் அலட்சியம். அந்த அலட்சியத்தை எனக்காக நான் வைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றவில்லை. கழுத்து உடைந்தால் வண்டி எங்கே போய் விழும் என்பதை நானா முடிவு செய்வேன்? எதிரே தூக்குச்சட்டியோடு யாராவது நடந்து வருவார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைத் திட்டாத பைக் பைத்தியம் இங்கே இருக்காது. உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நானும் திட்டியவன்தான். இப்போது பாதிதான் திட்டுகிறேன். பிரிட்டனில் வீட்டில் செய்த ஒற்றை பைக்கைக் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்தி, தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். இங்கே தனி ஆளுக்கு எட்டுகிற மாதிரி அப்படி ஒரு வாசல் இல்லை. கூடாது என்று சொல்கிற கதவு மட்டும் இருக்கிறது. என் வெல்டை என்னைவிடக் கறாரான யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் தேவையே.

அப்படி யாரும் இல்லாததால் நானே பார்த்தேன். கழுத்தில் பெயின்டைச் சுரண்டி, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, கீழ்ப்பக்க வெல்டின் ஓரத்தில் தலைமுடி அளவுக்குச் சிவப்பாக ஒரு கோடு ஊறி நின்றது. கட்டைவிரல் நீளம்.

மறுபடி அறுத்தேன். இந்தமுறை வெல்டை நான் வைக்கப்போவதில்லை. இருபது வருஷமாக வெல்டிங் வேலை செய்கிறவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். ‘நானே செஞ்சேன்’ என்பதில் இன்னும் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

போன வாரம் அந்த அக்காவை ரோட்டில் பார்த்தேன். “வண்டி இன்னா ஆச்சு தம்பி?”

“இன்னும் ஆவலக்கா.”

“சரி, ஆனதும் சொல்லு” என்று ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.