காத்து வைத்தலும் பற்றி நிற்றலும்

பொருளை நேசித்தல் குற்றமா என்று கேட்டால், உடனே ‘ஆம்’ என்று விடை பகர்ந்துவிடும் வழக்கம் என்னைப் போன்ற பிரசாரகர்களிடம் உண்டு. கல்கத்தாவின் கீழ்த்திசையில் உள்ள நியூ டவுனில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், என் தங்கை மகன் இவ்வினாவை என்னிடம் கேட்டபோது அவ்வாறு விடை கூற என் நா எழவில்லை. அது ஏன் என்று சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

நியூ டவுன் அண்மையில் தோன்றிய நகரம். ராஜர்ஹாட் பகுதியின் வயல்களும் குளங்களும் இருந்த நிலத்தில், 1999இல் அமைந்த ஹிட்கோ என்னும் அரசு நிறுவனம் அதனை உருவாக்கிற்று. என் மருமகன் அங்கே கணினித் தொழில் புரிகின்றான். பத்தாண்டுச் சேமிப்பைக் கொண்டு, ஒருவர் ஓட்டிப் பழகிய பி.எம்.டபிள்யூ. இசட் 4 என்னும் பந்தயச் சாயல் காரை வாங்கியிருக்கின்றான். இருவர் மட்டுமே அமரலாம். மேற்கூரை மடங்கிப் பின்னே சென்றுவிடும். அதற்கு நீல நிறத் தாள் ஒட்டி, வேறு சக்கரங்கள் பூட்டி, இருக்கைக்குப் புதுத் தோல் தைத்து, மெல்லிய துணியுறை போர்த்தி வைத்திருக்கின்றான். உறையை நீக்கிக் காட்டிவிட்டு, “மாமா, நீங்கள் பற்றை விடச் சொல்லிப் பேசுகிறீர்கள். நான் இதை இப்படிப் பார்த்துக்கொள்வது பற்றுத்தானா? தவறு என்றால் சொல்லிவிடுங்கள்” என்றான். கேலி அன்று, அவன் கண்ணில் உண்மையான கலக்கம் இருந்தது.

வண்டியைத் தன் மனம் போல் மாற்றிக்கொள்ளும் ஆசை இக்காலத்து இளைஞரோடு தோன்றியதன்று. அதே கல்கத்தாவின் தெருக்களில் 1910ஆம் ஆண்டளவில் ஓர் அன்னம் ஓடிற்று. ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்னும் ஆங்கிலேயச் செல்வர், இங்கிலாந்தின் லோஸ்டாப்ட் ஊரில் இருந்த புரூக் கம்பெனியாரைக் கொண்டு அன்னப் பறவையின் வடிவில் ஒரு மோட்டார் வண்டி செய்வித்தார். அதன் அலகிலிருந்து கொதிநீராவி பீறிடும், கண்களில் விளக்கெரியும், பின்புறத்தினின்று, பறவை எச்சமிடுவது போல், சுண்ணாம்பு நீர் சாலையில் விழும். கூட்டம் அஞ்சிச் சிதறிற்று. போலீசார் தலையிட்டு அதனைத் தெருவிலிருந்து விலக்க நேர்ந்தது. பின்னர் அது நாபா மகாராஜாவின் வசம் சென்றது. இன்று அது நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் லூவ்மன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. செய்தவர், செய்வித்தவர், நாபா மன்னர் எவரும் இன்றில்லை. நடந்து செல்லும் ஏழை விலகி ஓட, அதைப் பார்த்து மகிழ்வதற்கென்றே ஒரு பொறியைச் செய்துகொண்ட மனத்தை என்னென்பது! வண்டியை நேசிப்பது வேறு. அதைக் கொண்டு பிறரைச் சிறுமைப்படுத்துவது வேறு. என் மருமகனிடம் இரண்டாவது இல்லை. வண்டியின் புகைக்குழாயை உரத்து முழங்கும்படி மாற்றலாம் என்று நண்பர் சிலர் தூண்டியும் அவன் உடன்படவில்லை. சட்டமும் அதற்கு இடந்தராது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது.

மாற்றம் என்றதும் நாகசேனர் நினைவுக்கு வருகின்றார். மிலிந்த மன்னன் தேரில் வந்ததாகச் சொல்ல, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாய் வினவி, அவற்றுள் எதுவும் தேரன்று, அவற்றின் கூட்டத்துக்கு இட்ட பெயரே தேர் என்று அவர் விளங்க வைத்த கதையை நாம் அறிவோம். அதனை என் மருமகனுக்குச் சொல்லலாம் என்றே வாயெடுத்தேன். ஆனால் என் ரிங் பிரேம் என் கண்முன் வந்து நின்றது.

இருபது வயதில் ஒரு நூற்பாலையில் சைடராகச் சேர்ந்தேன். என் பொறுப்பில் இருந்த இயந்திரத்தில் டிராவலர் என்னும் சிறு கம்பி வளையம் அடிக்கடி தேயும், மாற்றுவோம், கதிர்களை மாற்றுவோம், வார்ப்பட்டைகளை மாற்றுவோம். சில ஆண்டுகளில் பழைய உறுப்பென்று அதில் எஞ்சியது மிகக் குறைவு. ஆயினும் அது ‘என் மிஷின்’. பின்னர் ஆலை மூடப்பட்டது. இயந்திரங்களை வெட்டி எடைக்குப் போட்டார்கள். வாயிலில் நின்று அழுதேன். வேலை போனதற்காகவா, இரும்புக்காகவா என்று இன்றளவும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்டவன் நாகசேனரின் தேரைக் காட்டி ஓர் இளைஞனின் வாயை அடைப்பது நேர்மையாகாது.

வண்டியைப் புகைப்படம் எடுக்கும் கலையையும் அவன் எனக்குக் காட்டினான். ஞாயிறு விடியலில், சூரியன் எழுமுன், பிஸ்வ பங்களா வாயில் தெரியும்படி அகன்ற சாலையோரம் வண்டியை நிறுத்துகின்றான். நண்பகல் வெயிலில் வண்ணம் வெளுத்துத் தோன்றும். விடியலின் மென்மையான ஒளியில்தான் உடலின் வளைவுகள் புலப்படும். முன்சக்கரத்தைச் சற்றே திருப்பி, தானும் முழங்காலிட்டு, விளக்கின் உயரத்திலிருந்து எடுக்கின்றான். அழகான படங்கள்தாம். ஒன்றில் சாலை பெருக்கும் அம்மாள் ஒருவர் விளக்குமாற்றுடன் ஓரத்தில் நின்றார். செல்பேசியில் விரலால் ஒருமுறை தேய்த்தான், அம்மாள் மறைந்துவிட்டார். அவர் பெருக்கிய சாலை மட்டும் நின்றது.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆலையில் புதிய இயந்திரம் வந்த நாளில் அதனைப் படம் எடுக்க ஆள் வந்தார். எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஒதுங்கினோம். படத்தில் இயந்திரம் தானே இயங்குவது போல இருந்தது. வண்டி அழகு பெறுவதில் தோல் தைத்தவன், தாள் ஒட்டியவன், உறை மீது தூசி படியாமல் பார்க்கும் காவலாளி, சாலை பெருக்கியவர் எல்லாரும் உளர். அவர்களை நீக்கிவிட்டு எஞ்சுவதை ‘என்னுடையது’ என்று காண்பதே பற்றின் தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகின்றது. இதை அவனிடம் சொன்னேன். அவன் பேசவில்லை.

இனி, பத்திரப்படுத்துதல். இதில் அவனுக்கு நான் சொல்ல இருந்தது அதிகம். இயந்திரம் எனக்குத் தெரிந்த பொருள். மாதக்கணக்கில் அவன் வண்டியை அசைக்காமல் வைத்திருந்தான். ஓட்டினால் கீறல் படும் என்ற அச்சம். ஆனால் நிற்கும் வண்டி தேயாது என்பது பொய். ஒரே இடத்தில் நின்றால் டயரின் தரை தொடும் பகுதி தட்டையாகும். பாட்டரி தானே இறங்கிவிடும். இந்நாளில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கல்கத்தாவின் மழைக்காலத்தில் பிரேக் தட்டு சில நாட்களிலேயே துருவேறும். கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் பட்டை ஒட்டிக்கொள்ளும், ஆதலின் சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே நலம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைக்கும். அவன் துணியுறை இட்டது சரி. எலி கம்பிகளைக் கடிக்கும். வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் எஞ்சினை ஓட விட்டு அணைப்பது உதவியன்று, கேடு. சூடேறாத எஞ்சினில் நீர் கோத்து எண்ணெயோடு கலக்கும். இருபது நிமிடமாவது சாலையில் ஓட வேண்டும்.

அடித்தளமும் அரணன்று. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, சென்னை வேளச்சேரி மக்கள் தத்தம் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை நாம் கண்டோம். அதனை நகைத்தோர் உண்டு. நான் நகைக்கவில்லை. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவனுக்கு வண்டி மூழ்கினால் அடுப்பு எரியாது. அது பற்றன்று, விழிப்பு.

ஆகவே மருமகனிடம் இப்படிச் சொன்னேன்: “மாப்பிள்ளை, நீ துடைப்பதிலும் எண்ணெய் பார்ப்பதிலும் எனக்குக் குறை தெரியவில்லை. கவனமாக ஒரு வேலையைச் செய்தால் கையும் மனமும் தெளியும். நீ அஞ்சுகிறாயே, அதைப் பார். கீறல் விழக்கூடாது என்று ஓடும் பொருளை ஓடாமல் நிறுத்தினாய். அதனாலேயே அது கெடுகிறது. மாறாதிருக்கும்படி எதை நிறுத்தி வைத்தாலும் இப்படித்தான்.”

“அப்படியானால் விற்றுவிடட்டுமா?” என்றான்.

“விற்றுவிட்டு அதன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன மாறும்?” என்றேன். துறப்பது எளிது என்று எண்ணுவோர் பொருளை மட்டுமே துறந்தவர்கள்.

அதன்பின் அவன் காவலாளியை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போனானா என்று கேட்பீர்கள். இல்லை. அழித்த படத்தில் அந்த அம்மாளைத் திரும்ப வரவழைத்தானா என்பதும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் தூறல் இருந்தது. அவனே உறையை உருவி மடித்துவிட்டு, “வாருங்கள் மாமா” என்றான். ஈகோ பார்க்கைச் சுற்றி வந்தோம். வெப்பமானியின் முள் நடுவே வந்து நிற்கும் வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பேருந்து எங்கள் மேல் சேற்றை வாரி அடித்தது. அவன் முகம் சுளித்தது, பிறகு சிரித்தது. மாலையில் அவன் வாளியும் துணியும் எடுத்தான். நானும் ஒரு துணி எடுத்தேன். சக்கரத்தின் உட்பக்கத்தை எவரும் சரியாகத் துடைப்பதில்லை.