கடலடியில் நமக்குள்ள உரிமை

லட்சத்தீவுக்குச் சென்று, முதுகில் சிலிண்டர் சுமந்து கடலில் மூழ்கி, பவளப்பாறைகளைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் இன்று நமது ராஜகீழ்ப்பாக்கத்திலும் உளர். இதனை வீண்விரயம் எனப் பெரியோர் சிலர் கடிகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இறைவனின் படைப்பைக் கண்ணாரக் காணச் செய்யும் செலவு எவ்வாறு விரயமாகும்? ஆயின், காண்பதோடு நில்லாமல் கை நீட்டுவது தகுமா என்பதே கேள்வி.

மன்னார் வளைகுடாவில் கீழக்கரை முதலிய ஊர்களின் நம்மவர் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கிச் சங்கு குளித்தனர். அவர்களுக்குச் சிலிண்டர் ஏது! வயிற்றுப்பாட்டுக்காக மூழ்கிய அவர்களுக்கும் ஒரு வரம்பு இருந்தது. உரிய அளவுக்குக் குறைந்த சங்கு அகப்பட்டால் அதனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். தேவையுடையவனுக்கே இவ்வரம்பு என்றால், பொழுதுபோக்குக்காக இறங்குபவனுக்கு?

பவளப்பாறை வெறுங்கல் அன்று. சிறு பிராணிகள் கூடிக் கட்டிய வீடு. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி, லட்சத்தீவுப் பவளங்கள் வெளிறிப்போயின. அவ்வாறு குற்றுயிராய்க் கிடப்பதன்மீது காலூன்றிப் படமெடுப்பதையும், நினைவுப்பொருள் என்று ஒரு கிளையை ஒடித்துப் பெட்டியில் வைப்பதையும் என்னென்பது? சட்டமும் அதனைக் குற்றமென்கிறது. பணம் கட்டினோமே என்பர் சிலர். அப்பணம் படகுக்காரருக்கும் பயிற்றுநருக்கும் உரிய கூலி.