தனியாகப் படித்தது போதும்!

இணையவழிப் படிப்பில் ஆசையாகச் சேர்ந்து, மூன்றாவது வாரத்தில் கைவிட்டவனா நீ? கைவிட்டவளா? உன் மூளையைப் பழிக்காதே! எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய எடெக்ஸ் படிப்புகளிலேயே, 2017-18இல் சேர்ந்தவர்களில் கடைசிவரை வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம்தான். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் சேர்ந்தவர்களில் உண்டு. மற்றவர்களெல்லாம் மக்குகளா? இல்லவே இல்லை. "எங்கே ரெண்டு நாளா காணோம்?" என்று கேட்க ஆள் இல்லாதவர்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பைப் பார். ஜே.இ.இ. எழுத வேண்டாம்; நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் இடம். பிளஸ் டூ முடித்த பிள்ளையும் பணி ஓய்வு பெற்றவரும் ஒரே பாடம் படிக்கிறார்கள். ஊர் வேறு, மொழி வேறு, வயது வேறு. அவர்களைப் பிச்சாவரம், நீலகிரி, காசிரங்கா என்று காடுகளின் பெயரில் 'ஹவுஸ்'களாகப் பிரித்திருக்கிறார்கள். போட்டிகள் உண்டு, 'பாரடாக்ஸ்' என்று ஆண்டு விழாவும் உண்டு. முகம் தெரியாதவன்கூட "எங்க ஹவுஸ்" என்று சொல்ல ஓர் இடம்!

ஆனால், முதல் பத்துப் பேரை மட்டும் தூக்கிக் காட்டும் புள்ளிப் பட்டியலை நான் ஏற்கமாட்டேன். பின்தங்கியவனை அது வாசலுக்கே அனுப்பிவிடும். வேறு வழி இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்தார். அடுத்தவன் சொல்லாமல் பாடம் முழுமையாகாது. கேலி பேசிய பிள்ளையே, கேலிக்கு ஆளான பிள்ளையிடம் காது கொடுத்தாக வேண்டும்!

ஆங்கிலம் தடுக்கிறதா? தமிழில் கேள். "எனி டவுட்ஸ்?" என்றதும் அத்தனை மைக்கும் மௌனமாகிறதா? உன் மைக்கைத் திற. நீ கேட்கும் சந்தேகம், கேட்கக் கூசும் இன்னும் நாலு பேருடையது.

அந்த நாலு பேரை இன்று இரவே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர். நிரலாக்கம் படிக்கிறீர்களா? ஒருவர் பைத்தான் நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்துவைக்கட்டும். 'இஃப்' வரியின் கடைசியில் இருக்கும் முக்காற்புள்ளியை எடுத்துவிட்டால்கூடப் போதும். மற்றவர்கள் தேடுங்கள். முதலில் கண்டுபிடித்தவருக்குப் புள்ளி கிடையாது. கடைசியாகப் புரிந்துகொண்டவர் தன் சொந்த வார்த்தையில் விளக்கினால்தான் ஐவருக்கும் புள்ளி! யாரையும் விட்டுவிட்டு ஓட முடியாது. நாளைக்குப் பிழையை ஒளிப்பது அவர் முறை. குழுவுக்கு உங்கள் ஊர் ஆற்றின் பெயரையே வையுங்கள்.