எங்கே சீவுவது?

தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் யாரும் ஒரு வில்லைச் சீவிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் அந்த வார்த்தைகள் அவ்வளவு சுளுவாக வாயில் வராது.

வில்லு என்றதும் நமக்கு ராமனும் அர்ச்சுனனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். எம்.ஏ. தமிழில் வெட்சி, கரந்தை என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அம்பு விட்டவன் இருப்பான், அம்பு பட்டுச் செத்தவன் இருப்பான். வில்லைச் செய்தவன் இருக்க மாட்டான். எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் நடுகற்கள் நிற்கின்றன. வீரனுக்கு ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள். யார் ஆட்சியில், எத்தனையாவது வருஷத்தில், எந்த மாட்டுக்காகச் செத்தான் என்று எழுத்து வெட்டியிருக்கும். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் ஒரு நாய்க்குப் பேர் இருக்கிறது, கோவிவன். நாய்மேல் எனக்கொன்றும் பொறாமையில்லை. ஆனால் வில்லைச் சீவியவன் பேரை நான் பார்த்த எந்தக் கல்லிலும் காணோம். அர்ச்சுனனின் காண்டீபத்துக்கு மட்டும் பூர்வீகம் உண்டு. வருணனிடமிருந்து அக்கினி வாங்கிக் கொடுத்ததாம். எதற்கு? காண்டவ வனத்தை அதிலிருந்த உயிர்களோடு கொளுத்துவதற்கு.

எங்க பெரியப்பா வில்லு செய்வாரு. தேன்கனிக்கோட்டைப் பக்கம், கேழ்வரகு கதிர் வாங்குற காலத்துல ஊர்க்காரங்க காட்டுக்குக் காவல் இருக்கிறது அவர் வேலை. கிளியையும் குருவியையும் விரட்ட உண்டைவில். அம்பு கிடையாது. ரெண்டு நாணு, நடுவுல சின்னதா ஒரு பின்னல், அதுல வெச்சு இழுக்கக் களிமண் உருண்டை. காடு அவங்களுது, கதிரு அவங்களுது. வில்லு மட்டும் இவருது.

முத்தின மூங்கிலாப் பாத்து வெட்டுவாரு. பிளந்து அடுப்புக்கு மேல பரண்ல போட்டா மாசக்கணக்குல புகையில கெடக்கும். வெளித்தோலில் கத்தி படக்கூடாது. வில்லு வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். மூங்கிலுக்கு நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோலில்தான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் அதே இடத்தில் பிளந்துகொண்டு போகும். அதனால் சீவுவதெல்லாம் உள்பக்கம். முதலில் அருவா, பிறகு கத்தி, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லு.

பாதி சீவினதும் சுவத்துல அடிச்ச கட்டையில வில்லை மாட்டுவாரு. நாணுல ஒரு கயித்தைக் கட்டி என்னை இழுக்கச் சொல்லிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்னு கண்ணை இடுக்கிப் பாப்பாரு. எந்த எடம் வளையுது, எந்த எடம் வெறப்பா நிக்குது? புதுசாகப் பார்க்கிறவன் அதிகமா வளையிற இடத்தில்தான் ஏதோ செய்ய வேண்டும் என்று நினைப்பான். பெரியப்பா அந்த இடத்தைத் தொடவே மாட்டாரு. கத்தி வெறப்பான இடத்துக்குத்தான் போகும். ஏன் பெரியப்பா என்று கேட்டால், "மெலிஞ்சதுக்குக் குடுக்க எங்கிட்ட என்னடா இருக்குது? எடுத்த மரத்த ஒட்டவா முடியும்? வெறச்சிக்கினு நிக்குது பாரு, அதுகிட்டதான் எடுக்கணும்" என்பாரு. நாலு சீவு சீவுவாரு, கொஞ்சமா இருவது முப்பது தரம் இழுக்கச் சொல்லுவாரு, மறுபடி பாப்பாரு. ஒரு பகல் போயிடும்.

ஒரு இடம் வளைய மாட்டேன் என்று நின்றால் அதன் பங்கு வளைவும் மெலிந்த இடத்தின் தலையில்தான் விழும். ஒரு நாள் அங்கே முறியும். முறிந்ததும் எல்லாரும் என்ன சொல்வார்கள்? "அந்த எடம் சொத்தை." வளையாமல் நின்ற துண்டு அப்படியே முழுசாக, பளபளப்பாக இருக்கும். அதற்குத்தான் இந்த நாட்டில் தகுதி என்று பேர்.

அப்படியானால் எல்லாரையும் மெலிந்தவன் அளவுக்கு இறக்கிவிடுவதா? 1990ல் மண்டல் அறிவிப்பு வந்தபோது தெருவில் இறங்கிக் கத்தினார்களே, அந்தக் கேள்விதான். கேள்வியில் விஷயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சீவச்சீவ வில்லின் இழுவை குறையத்தான் செய்யும். பெரியாளுக்கு என்று ஆரம்பித்து, பையனுக்கு என்று முடிந்த வில்லும் உண்டு. ஆனால் வளையாமல் நின்ற அந்த இடம் உருண்டைக்கு என்ன கொடுத்தது? வளைகிற மரத்தில்தான் விசை சேரும். வளையாத மரம் வெறும் கனம். கைப்பிடி வெறப்பாக இருக்க வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். சில வில்லில் அப்படி விடுகிறார்கள், உண்மைதான். பெரியப்பாவின் வில்லில் பிடிக்கிற இடமும் கொஞ்சம் வளையும்.

இதே கணக்கை ஓசூரில் இரும்பில் பார்க்கலாம். அசோக் லேலண்ட் 1980ல் இங்கே வந்தது. அதற்குப் பிறகு லாரிகளும் பட்டறைகளும் பெருகின. என் சித்தப்பா மகன் லாரிக்குப் பட்டை மாற்றுகிற பட்டறையில் இருக்கிறான். மேலே நீளப் பட்டை, அதன்கீழ் குட்டை, அதன்கீழ் இன்னும் குட்டை என்று அடுக்கியிருக்கும். இதுவும் வில்லுதான். அடுக்கு எதற்கு? நடுவில் விழுகிற பாரம் ஒரே இடத்தில் தங்காமல் நீளம் பூராவும் பரவ. அம்பேத்கர் படிநிலை சமத்துவமின்மை என்று பேர் வைத்தாரே, அதுவும் அடுக்குதான். அந்த அடுக்கு பாரத்தைப் பரப்பாது, கீழே தள்ளும்.

ஆனால் மனுஷன் மூங்கில் இல்லை. மூங்கிலின் மெலிவு வளர்த்தியில் வந்தது. நம்முடையது சீவப்பட்டது. ஏகலைவன் கதையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். நிஷாதன் மகன் என்று துரோணர் சேர்த்துக்கொள்ளவில்லை. காட்டில் தானே பழகினான். அர்ச்சுனனுக்குச் சமமாக வந்துவிட்டான் என்று தெரிந்ததும் கட்டைவிரலைக் கேட்டார். மற்ற விரல்களால் எய்தான், பழைய வேகம் இல்லை என்று பாரதமே சொல்கிறது. பெரியப்பாவின் தொழில்படி பார்த்தால் இது தலைகீழ் வேலை. எங்கே எடுக்கவே கூடாதோ அங்கே எடுத்தது. எடுத்தவர் பேரில்தான் 1985 முதல் பயிற்சியாளர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். உதய்ப்பூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், 1992ல் பெய்ஜிங்கில் 30 மீட்டரில் 360க்கு 358 எடுத்து உலக சாதனையைத் தொட்டார். முந்தின வருஷம் அவருக்குக் கொடுத்த விருதின் பேர் அர்ச்சுனா.

இதுவரைக்கும் சொன்னதற்கு நம் தோழர்கள் கைதட்டுவார்கள். அடுத்ததற்குத் தட்டுவார்களா தெரியாது. 2009ல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தனியாக வந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், இப்படி உட்பிரிப்பது செல்லும் என்றார்கள். நான் பறையர் தெருவில் பிறந்தவன். எங்கள் கூட்டங்களில் இதை "பிளக்கிற வேலை" என்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. மேலே தடித்துக் கிடக்கிற கட்டையைத் தொடாமல், இருக்கிற ஒல்லிப் பட்டையிலேயே இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் சீவச் சொல்வது ஆள்கிறவனுக்கு வசதி. அதைச் சொல்லிச் சண்டை போட வேண்டும், போடுகிறேன். ஆனால் சீவுவது வேறு, பிளப்பது வேறு. எங்கள் தெருவில் இன்றைக்கு வாத்தியார் இருக்கிறார், கிளார்க் இருக்கிறார், என்னைப்போல் எம்.ஏ. படித்தவன் இருக்கிறான். அவர்கள் தெருவோடு வைத்துப் பார்த்தால் நாங்கள் கொஞ்சம் வெறப்பான இடம்தான். மற்றவனிடம் எடு என்று முப்பது வருஷமாகக் கத்திவிட்டு, கத்தி நம் பக்கம் திரும்பும்போது ஒற்றுமை என்று எதன் பேரில் சொல்வது?

போன மாசம் ஓசூரில் ஒரு கூட்டத்தில் இதைப் பேசினேன். மூத்த தோழர் ஒருவர் கோபமாக எழுந்து, "அவங்க நம்ம பசங்களோட போட்டி போட்டு வரட்டுமே தம்பி, யாரு வேணாங்கறது?" என்றார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். விடியக்காலம் நாலரை மணிக்கு ஓசூர்த் தெருக்களைக் கூட்டப் போகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து கிளம்புகிறார்கள்? அவருக்கும் தெரியும். பக்கத்துத் தெருக்காரர்தான்.